உங்கள் நிரல் எந்தத் த்ரெட்டில் ஓடும்?

லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் என்ற மென்பொருளுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பலாம் என்று நினைக்கிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, நிரல் வரியை உள்ளே தள்ளி எழுத "டேப் போடணுமா, ஸ்பேஸ் போடணுமா?" என்பதுதான். டேப். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழுதப்படும் பாணி. அதற்கு முன்பிருந்த பல்ஸ்ஆடியோ என்றால் நான்கு ஸ்பேஸ், ஒரு வரி 128 எழுத்தைத் தாண்டக்கூடாது. பின்னணியில் ஓடிப் பாட்டு இசைக்கும் மியூசிக் ப்ளேயர் டீமன் என்றால் மறுபடி டேப், எட்டு இட அகலம். எந்தக் கோப்பைத் திறந்தாலும் கொஞ்ச வரிகளிலேயே இதெல்லாம் தெரிந்துவிடும். சுற்றியிருக்கும் நிரல் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். இதற்கு ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியதே இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. நான் எழுதும் இந்த நாலு வரி எந்தத் த்ரெட்டில் (ஒரே மென்பொருளுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைச்சரடுகளில் எதில்) ஓடப்போகிறது? பங்களிப்பு விதிமுறை என்ற பெயரில் என்னென்ன எழுதி வைத்திருந்தாலும், ஆடியோ சர்வரைப் பராமரிக்கிறவர் உங்கள் திருத்தத்தைத் திறந்ததும் முதலில் தேடுவது இதற்கான பதிலைத்தான். பதில் அதில் தெரியவில்லை என்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

ஆடியோ சர்வர் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. பிரவுசரில் பாட்டு ஓடுகிறது, நடுவில் அலுவலக மீட்டிங் அழைப்பு வருகிறது, சாட் செயலி ஒரு 'டிங்' போடுகிறது. மூன்றுக்கும் ஸ்பீக்கர் ஒன்றுதான். மூன்று ஒலிகளையும் வாங்கிக் கலந்து, சவுண்ட் கார்டுக்கு ஒரே ஓட்டமாக அனுப்பும் நிரல்தான் ஆடியோ சர்வர். லினக்ஸில் இந்த வேலையைப் பல வருடம் செய்தது பல்ஸ்ஆடியோ. லெனார்ட் பெட்டரிங் 2004-இல் பாலிப்ஆடியோ என்ற பெயரில் தொடங்கியது அது. 2006-இல் பெயர் மாறியது, 2007-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கலின் 8-ஆம் பதிப்பில் இயல்பாகவே வந்தது. இசை செய்கிறவர்களுக்குத் தனியாக பால் டேவிஸ் தொடங்கிய ஜாக் இருந்தது. இரண்டு வேலையையும் ஒன்றே செய்யட்டும் என்று வந்ததுதான் ரெட் ஹேட்டில் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர். முதலில் அது வீடியோவுக்காகத்தான் எழுதப்பட்டது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34-இல் ஒலி முழுவதும் அதன் கைக்கு வந்தது, 1.0 பதிப்பு 2023 நவம்பரில்தான் வெளியானது.

2008-இல் இன்னொரு லினக்ஸ் வழங்கலான உபுண்டு 8.04 பல்ஸ்ஆடியோவை எடுத்துக்கொண்டபோது லெனார்ட் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் காலத்துச் சிக்கல்களில் கணிசமானவை ஆல்சா டிரைவர்களில், அதாவது சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசும் கெர்னல் பகுதியில், இருந்த பிழைகள். அதுவரை யாரும் தொடாத மூலைகளையெல்லாம் பல்ஸ்ஆடியோ தொட்டது. பிழை டிரைவரில், பழி சர்வர் மேல். நடுவில் உட்கார்ந்திருக்கும் மென்பொருளுக்கு இதுதான் தலையெழுத்து. ஒலியில் எது கெட்டாலும் மக்கள் அதைத்தான் கைகாட்டுவார்கள். ஆடியோ சர்வர் பராமரிப்பாளர்கள் புது ஆளின் திருத்தத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் கர்வம் காரணமில்லை. அந்தப் பழியைச் சுமக்கப்போகிறவர்கள் அவர்கள்தான், அனுப்பியவர் அல்ல.

சரி, த்ரெட் விஷயத்துக்கு வருவோம். கணக்கு சுலபமானது. ஒரு நொடி ஒலிக்கு 48,000 சாம்பிள், அதாவது அந்தந்தக் கணத்தின் ஒலியளவைக் குறிக்கும் எண்கள். அதை 256 சாம்பிள் கொண்ட கட்டுகளாகப் பிரித்தால், ஒரு கட்டு 5.33 மில்லிசெகண்ட். பைப்வயர் இயல்பாக 1024 வைத்துக்கொள்கிறது, அதாவது 21.33 மில்லிசெகண்ட். கிடாரை நேரடியாகக் கணினியில் செருகி வாசிக்கிறவருக்கு அவ்வளவு தாமதம் தாங்காது, அவர் 64-க்கு இறக்குவார், 1.33 மில்லிசெகண்டுதான் கையில் இருக்கும். அந்த நேரத்துக்குள் மைக்கிலிருந்து ஒலி வர வேண்டும், இரைச்சல் நீக்கும் வடிகட்டி ஓட வேண்டும், எல்லாம் கலக்க வேண்டும், சவுண்ட் கார்டின் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) போய் விழ வேண்டும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை, ஒரு தடவை கூடத் தவறாமல். தவறினால் 'டிக்' என்று ஒரு வெட்டு. வெப் சர்வர் ஐம்பது மில்லிசெகண்ட் தாமதித்தால் யாருக்கும் தெரியாது. காது மட்டும் மன்னிப்பதே இல்லை.

இந்த ஓட்டத்துக்காகவே ஒரு தனி த்ரெட் இருக்கிறது. இயங்குதளத்திடம் சொல்லி, மற்ற எதையும்விட அதற்கு முன்னுரிமை வாங்கி வைத்திருப்பார்கள். பந்தியில் சாம்பார் வாளியோடு நடக்கிறவர் பாதி வரிசையில் நின்று கரண்டி தேடக்கூடாது என்பதுபோல, அந்தத் த்ரெட்டில் ஓடும் நிரல் எதற்காகவும் காத்து நிற்கக்கூடாது. எழுதி வைத்திருந்தாலும் எழுதாவிட்டாலும் எல்லா ஆடியோ சர்வர் திட்டங்களுக்கும் பொதுவான சட்டம் அது. அங்கே மாலாக் (நினைவகத்தில் இடம் கேட்பது) கூடாது, ஃப்ரீ (அந்த இடத்தைத் திருப்பி விடுவிப்பது) கூடாது, பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் ஒன்றைத் தொடும்படி மற்றவற்றை நிறுத்தி வைப்பது) கூடாது, கோப்பைத் திறக்கக்கூடாது, நெட்வொர்க்கைத் தொடக்கூடாது, திரையில் எதையும் அச்சிடக்கூடாது.

மாலாக் ஏன் கூடாது என்பது பலருக்குப் புரிவதில்லை. அளந்து பார்த்தால் மைக்ரோசெகண்டில் முடிந்துவிடுகிறதே என்பார்கள். உண்மைதான், சராசரியில் முடிந்துவிடும். ஆனால் மாலாக்குக்கு உள்ளேயும் ஒரு பூட்டு இருக்கலாம். கையில் இடம் இல்லையென்றால் அது கெர்னலிடம் போய்க் கேட்கும். கெர்னல் அந்த நேரத்தில் வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கலாம். பத்தாயிரம் தடவைக்கு ஒரு தடவை வரும் அந்தத் தாமதத்துக்கு மேல்வரம்பு என்று எதுவும் கிடையாது. நொடிக்கு 187 தடவைக்கு மேல் ஓடும் நிரலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்பது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். வழக்கமான மென்பொருளில் சராசரியைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே மிக மோசமான நேரத்தைப் பார்க்கப் பழக வேண்டும். எனக்குத் தெரிந்து, நல்ல நிரலாளர்களும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பூட்டின் சிக்கல் இன்னும் நுட்பமானது. முன்னுரிமை குறைந்த த்ரெட் பூட்டைப் பிடித்திருக்கிறது. ஒலித் த்ரெட் அந்தப் பூட்டுக்காக நிற்கிறது. அதற்குள் நடுத்தர முன்னுரிமை உள்ள மூன்றாவது ஒருவர் வந்து, பூட்டைப் பிடித்தவரை ஓடவிடாமல் உட்கார வைத்துவிடுகிறார். முடிந்தது கதை: ராஜா மாதிரி முன்னுரிமை வாங்கி வைத்திருந்தவர் சம்பந்தமே இல்லாத ஒருவருக்காகக் காத்திருக்கிறார். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் அடிக்கடி தானாகவே மறுதொடக்கம் ஆனதே, அதற்குக் காரணம் இதேதான். பூமியிலிருந்தே ஒரு அமைப்பை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். நமக்கு ஒரு 'டிக்'கோடு போகிறது, அந்த மட்டும் பிழைத்தோம்.

அச்சிடுவது பற்றி ஒரு சம்பவம். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி பைப்வயருக்கு ஒரு வடிகட்டி எழுதிக்கொண்டிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான். ஆனால் சில சமயம் ஒலி அப்படியே நின்றுவிடுகிறது என்றான். வெட்டு இல்லை, முழு அமைதி. போய்ப் பார்த்தேன். டெர்மினலில் எண்கள் மழைபோல ஓடிக்கொண்டிருந்தன.

"இது என்னப்பா?"

"டீபக்குக்காக ஒரு ப்ரிண்ட்எஃப் போட்டிருக்கேண்ணா. கடைசில எடுத்துருவேன்."

"ஒலி நிக்கிறப்ப நீ என்ன பண்ணிட்டு இருப்ப?"

"எண்ணப் படிக்கிறதுக்காக கன்ட்ரோல்-எஸ் அடிச்சு நிறுத்தி வைப்பேன்."

அவ்வளவுதான். டெர்மினல் நின்றால், அதில் எழுத வந்த ப்ரிண்ட்எஃப் நிற்கும். அது நின்றால் ஒலித் த்ரெட் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்க்கு மருந்து பைப்வயரிலேயே இருக்கிறது. ஒலித் த்ரெட்டிலிருந்து வரும் நுணுக்கமான பதிவுகளை அதன் லாகர் (பதிவு எழுதும் பகுதி) நேரடியாக எழுதுவதில்லை. பூட்டில்லாத ஒரு வட்டப் பஃபரில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அவசரமில்லாத வேலைகளைப் பார்க்கும் மெயின் த்ரெட் பிறகு வந்து நிதானமாக எழுதிக்கொள்ளும். மிக அடிக்கடி ஓடும் இடங்களுக்கென்று வேறு ஒரு மேக்ரோ. மூலநிரலை ஓடும் நிரலாக பில்டு செய்யும்போதே வேண்டும் என்று சொன்னால் ஒழிய அது காணாமலே போய்விடும். தம்பிக்கு இதைக் காட்டியபோது, "இத ஏன் எங்கயும் எழுதி வைக்கல?" என்றான். நியாயமான கேள்வி. பல திட்டங்களில் இந்தச் சமாச்சாரங்கள் ஆவணத்தில் இருப்பதைவிட நிரலில்தான் இருக்கின்றன. அதனால் எதையும் எழுதுவதற்கு முன், நீங்கள் எழுதப்போவதைப் போலவே இருக்கும் பழைய ஒரு ப்ளக்-இன்னை எடுத்து முழுக்கப் படித்துவிடுவது நல்லது.

அப்படியானால் அந்தத் த்ரெட்டில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால் என்னதான் செய்வது? மாதிரிக்கு, ஒலியின் பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சமநிலைப்படுத்தியின் (ஈக்வலைசர்) எண்களைப் பயனர் நகர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். புது எண் அட்டவணைக்கான இடத்தை மெயின் த்ரெட்டில் எடுக்க வேண்டும், அங்கேயே கணக்கிட வேண்டும். எல்லாம் தயாரான பிறகு, "அடுத்த சுற்றில் இதை எடுத்துக்கொள்" என்று ஒலித் த்ரெட்டின் லூப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அது செய்ய வேண்டியது அட்டவணை நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு பாயின்டரை மாற்றுவது மட்டும். கழற்றிப் போட்ட பழைய அட்டவணையை விடுவிக்கும் வேலையும் மெயின் த்ரெட்டுக்கே திரும்ப வர வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எடுப்பது மட்டும்தான் தப்பு என்று நினைத்து, ஃப்ரீயை ஒலித் த்ரெட்டிலேயே போட்டுவிடுவார்கள்.

சோதனையும் இதே கேள்வியைச் சுற்றித்தான். "என் மெஷினில் ஓடுது" என்பது 1024-இல் ஓடியதா, 64-இல் ஓடியதா? பக்கத்தில் கெர்னலை பில்டு செய்யவிட்டு, அந்தச் சுமையில் ஓடவிட்டுப் பார்த்தீர்களா? பைப்வயருடன் வரும் பிடபிள்யூ-டாப் கருவியில் பிழைகளை எண்ணும் ஒரு பத்தி இருக்கிறது. அரை மணி நேரம் கழித்தும் அது ஏறாமல் இருக்கிறதா? திருத்தத்தோடு இதை இரண்டு வரி எழுதினாலே பாதி உரையாடல் மிச்சம். இதற்காகக் கணினியில் ஓடும் பைப்வயரைத் தூக்கிவிட்டு உங்களுடையதை நிறுவ வேண்டியதில்லை. நிறுவாமலே மூலநிரல் அடைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு ஸ்கிரிப்ட் உள்ளேயே இருக்கிறது. இது தெரியாமல் கணினியின் ஒலியையே கெடுத்துக்கொண்டு, பிறகு பைப்வயரைத் திட்டுகிறவர்கள் உண்டு.

கமிட்களை, அதாவது ஒன்றாகப் பதிவு செய்யும் மாற்றங்களை, எப்படிப் பிரிப்பது என்பது பற்றி எல்லா விதிமுறைகளும் சொல்லும்: ஒரு கமிட், ஒரு வேலை. ஏன் என்பதைத்தான் சரியாகச் சொல்வதில்லை. ஆல்சா ப்ளக்-இன்னில் சாம்பிள் ரேட் மாறும்போது ஒரு பஃபர் விடுவிக்கப்படாமல் போகிறது, அதைச் சரிசெய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் கண்ணில் பட்ட இரண்டு மாறிகளின் பெயரையும் மாற்றிவிடுகிறீர்கள், நாலு இடத்தில் இடைவெளியைச் சீர்செய்கிறீர்கள். எல்லாம் நல்ல வேலைதான். ஆறு மாதம் கழித்து ஒருவரது ஹெட்செட்டில் ஒலி வரவில்லை என்றால், பைசெக்ட் போட்டு, அதாவது கமிட் வரலாற்றைப் பாதிபாதியாகக் குறுக்கிக்கொண்டே, தேடும்போது உங்கள் கமிட்டில் வந்து நிற்கும். அதில் முப்பது வரி மாறியிருந்தால், எந்த வரி குற்றவாளி என்று யாருக்குத் தெரியும்? ஐந்தே வரி என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும். திரும்பப் பெறுவதும் சுலபம். கமிட் செய்தியின் முதல் வரியில் எந்தப் பகுதி என்று சொல்லிவிட்டு, "ரேட் மாறும்போது பழைய பஃபரை விடுவி" என்று எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை நிரலே சொல்லும். கீழே ஏன் மாற்றினீர்கள், எந்தக் கருவியில் பார்த்தீர்கள், மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். "பிழை திருத்தம்" என்று ஒற்றை வரியில் வரும் கமிட்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மற்ற செயலிகள் பைப்வயரோடு பேசும் வழியான பொது ஏபிஐயைத் தொடுவது தனி உலகம். பைப்வயர் தன்னை பல்ஸ்ஆடியோவாகவும் ஜாக்காகவும் காட்டிக்கொள்கிறது. பத்து வருடத்துக்கு முன் எழுதிய செயலி ஒன்று, தான் பேசுவது பைப்வயரோடு என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். பைப்வயரின் அழைப்பு அமைப்புகளில் (அழைக்க வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியல்களில்) முதல் உறுப்பே ஒரு பதிப்பு எண்தான். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமா, கடைசியில் சேர்த்துவிட்டு எண்ணை ஒன்று கூட்டுங்கள். நடுவில் செருகினால் பழைய செயலிகள் தவறான இடத்தில் குதிக்கும். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

உரிமத்தையும் பார்க்க வேண்டும். பைப்வயர் கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமம், பல்ஸ்ஆடியோ மாற்றங்களையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் எல்ஜிபிஎல். பல்ஸ்ஆடியோவிலிருந்து நல்ல ஒரு ஃபங்ஷனை எடுத்து பைப்வயரில் ஒட்டிவிட முடியாது. அப்படி எடுத்துவந்த ஒன்றும் இருக்கிறது: சவுண்ட் கார்டு ப்ரொஃபைல்களைக் கையாளும் நிரல். அது தனி அடைவில், எல்ஜிபிஎல் உரிமத்தோடேயே, அது அப்படித்தான் என்று வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை மறைக்காத வரை எதற்கும் ஒரு வழி உண்டு.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தலைவலி, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் நிரல். ஜென்டூ என்ற லினக்ஸ் வழங்கல் 2024-இலேயே அதை ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது. எனக்கு அவ்வளவு கறார் இல்லை. ஆனால் அனுப்புகிறவரிடம் "இது எந்தத் த்ரெட்டில் ஓடும்?" என்று கேட்டால் பதில் அவரிடமிருந்து வர வேண்டும். அதே கேள்வியைக் கருவியிடம் ஒட்டி, அது தந்த நீளமான பதிலைத் திருப்பி ஒட்டுகிறவர்களோடு மல்லுக்கட்ட எந்தப் பராமரிப்பாளருக்கும் நேரம் கிடையாது. பைப்வயரின் கமிட் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள், மிகப் பெரும்பகுதி விம் டேமன்ஸ் பெயரில்தான் இருக்கும். உலகம் முழுக்க ஓடும் ஒரு மென்பொருள், அதைப் பார்த்துக்கொள்ள விரல்விட்டு எண்ணும் ஆட்கள். உங்கள் திருத்தத்துக்கு இரண்டு வாரம் பதில் வரவில்லை என்றால் அது அவமதிப்பு இல்லை. மரியாதையாக ஒரு வரி நினைவுபடுத்தலாம், தப்பில்லை.

நடைமுறையில் புது ஆட்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. பைப்வயர் இருப்பது ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேப் என்ற நிரல் களஞ்சியத் தளத்தில். அங்கே புதுக் கணக்கு தொடங்கியதும் ஃபோர்க் செய்ய (திட்டத்தை உங்கள் கணக்கில் நகலெடுக்க) முடியாது. குப்பைக் கணக்குகளின் தொல்லையால் அப்படி அடைத்து வைத்திருக்கிறார்கள். நான் நிஜ ஆள்தான், இன்ன திட்டத்துக்குப் பங்களிக்க வந்திருக்கிறேன் என்று அங்கேயே ஒரு கோரிக்கை எழுதினால் திறந்துவிடுவார்கள். தன் கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, எழுதிய திருத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு போய்விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

இன்னொன்று, சரியான வீட்டுக் கதவைத் தட்டுவது. ஹெட்போனைச் செருகியதும் ஒலி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்வது பைப்வயர் இல்லை; வயர்ப்ளம்பர் என்ற தனித் திட்டம், அதன் விதிகள் லுவா மொழியில் இருக்கின்றன. உங்கள் லேப்டாப்பில் மட்டும் மைக் தெரியவில்லை என்றால், பல சமயம் ஆல்சாவின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் வேறொரு களஞ்சியத்தில் நாலு வரி சேர்த்தால் முடிந்துவிடும். ஒலித் த்ரெட்டின் பயம் எதுவும் இல்லாத வேலை இது. ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவதும் இதைத்தான். அதைவிடவும் எளிதானது மொழிபெயர்ப்பு. பைப்வயரில் தமிழுக்கு ஒரு கோப்பு இருக்கிறது, பல்ஸ்ஆடியோ காலத்திலிருந்து வந்தது. புதிதாகச் சேர்ந்த வரிகள் நிறைய, கைவைக்க ஆள் வேண்டும்.

திருத்தம் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே நண்பர்களிடம் "சரியாயிடுச்சு, பாருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். 2023 ஜூனில் வந்த, டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 12-ஆம் பதிப்பில் இருப்பது பைப்வயர் 0.3.65, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 1.4.2. நிலைப்பதிப்பை வைத்திருக்கும் உங்கள் நண்பரின் கணினிக்கு நீங்கள் எழுதிய ஐந்து வரி போய்ச் சேர வருடக்கணக்கில் ஆகலாம். அதுவரை அதே பிழையைப் புதுப்புது ஆட்கள் வந்து பதிவு செய்துகொண்டே இருப்பார்கள். அவர்களிடம் பதிப்பு எண்ணைக் கேட்டு, இது எந்தப் பதிப்பில் சரியானது என்று காட்டி, நிலைப்பதிப்புக்குப் புதிய மென்பொருளைத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து எப்படி நிறுவுவது என்று சொல்லிக்கொடுக்கும் வேலையை நீங்களே எடுத்துக்கொண்டால், அடுத்த திருத்தத்தை அனுப்பும்போது உங்கள் பெயர் அங்கே தெரிந்த பெயராக இருக்கும்.